தடதடக்கும் பான்டியாக்

"பிரேக்ல ஒரு குத்தமும் இல்லடா" என்று சொல்லிக்கொண்டே காருக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார் வெர்னா ஹோல்கம். "அதான் எனக்கு இடிக்குது."

ஸ்டாஷ் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். "பாஸ், இந்த ஃபெர்ன்டேல் ஊர்ல இன்னைக்குக் காலையில தவழ்ந்தது ரெண்டே பேர். ஒருத்தர் நீங்க. இன்னொருத்தருக்கு இன்னும் பல்லு முளைக்கலை."

"வாயை மூடிட்டு டார்ச்சைப் பிடி."

பிடித்தான். வெளிச்சம் பெடல்களின் மேல் ஆடியது. கை நடுங்குவதை வெர்னா கவனிக்கத்தான் செய்தார். ஆனால் அதை முந்தின நாள் குடித்த பீரின் கணக்கில் எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

போலீஸ் யார்டின் மூலையில், மூக்கு நசுங்கி, ஒரு கண் பிதுங்கி நின்றுகொண்டிருந்தது அந்த 1969ஆம் வருஷத்துப் பான்டியாக். பச்சை நிறம். முந்தின சனிக்கிழமை வரை வுட்வர்ட் அவென்யூவில் தலை திரும்பாதவர் கிடையாது அதற்கு. அன்றைக்கு சிக்னல் சிவப்பானபோது அது நிற்கவில்லை. குறுக்கே வந்த கார்களுக்குத் தப்பிக்க ஸ்டியரிங்கை ஒடித்ததில் நடைபாதையில் ஏறி, பழைய கார்களின் ஊர்வலம் பார்க்க ஜனங்கள் போட்டிருந்த மடக்கு நாற்காலிகளை அப்பளமாக்கி, பஸ் நிறுத்தக் கம்பத்தில் போய் முட்டியது. நாற்காலிக்காரர்கள் ஹாட் டாக் வாங்கப் போயிருந்தார்கள். கடவுள் அன்றைக்கு அவர்களுக்குப் பசியைக் கொடுத்திருந்தார்.

ஸ்டாஷுக்கு அந்தக் காரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அதன் எஞ்சினுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் காரின் சொந்தக்காரர் வாலஸ் ப்ரூயிட். இன்னொருவன், துப்பறியும் வெர்னாவின் உதவியாளன் ஸ்டான்லி கொஸ்லோஸ்கி என்கிற இந்த ஸ்டாஷ். அதை உள்ளே வைத்ததே அவன்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சுத்தப் பொய். அது உலக்கை போட்டு இடிக்கும்.

"என்ன வெர்னா, கிடைச்சுதா ஏதாவது?" என்று கேட்டபடி காபியும் கையுமாக வந்தார் சார்ஜென்ட் ஹாலோரன். தொப்பை முன்னால் வர அவர் பின்னால் வந்தார்.

"பிரேக் பேடு புதுசு. எண்ணெய் ஒழுகல. பைப் எதுவும் அறுபடல. பெரியவரோட மருமகன் லெமார் பிரேக் வேலையைச் சுத்தமாத்தான் செஞ்சிருக்கான்."

"சுத்தமாச் செஞ்சான், சரி. திரும்பக் கெடுத்ததையும் சுத்தமாச் செஞ்சிருக்கான்." ஹாலோரன் நெருங்கி வந்து பானெட்டுக்குள் விரலை நீட்டினார். "இந்தக் கறுப்பு டப்பா தெரியுதா? எஞ்சின் காத்தை உறிஞ்சுது பாருங்க, அந்த உறிஞ்சல்தான் இதுக்குப் பலம். இது இருக்கறதாலதான் நாம லேசா மிதிச்சாலும் வண்டி நிக்குது. இதுல மாட்டியிருக்கிற இந்த ரப்பர் ஹோஸைக் கொஞ்சம் தளர்த்தி விட்டாப் போதும், பெடல் கல்லாயிடும். பெரியவரும் அதைத்தான் சொல்றார், கல்லு மேல மிதிச்ச மாதிரி இருந்துச்சுன்னு. முட்டினதும் முதல் ஆளா ஓடி வந்தது யாரு? மருமகன் லெமார். வந்தவன் மாமனாரைத் தூக்கினான், அப்படியே ஹோஸையும் மாட்டிட்டான்."

"பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

"அதுக்கென்ன, ஜூலை மாசம் வீட்டு விருந்துல அவன் கத்தினதைத் தெருவே கேட்டிருக்கு. 'இந்தக் காரை ஒருநாள் ஓடாமப் பண்ணிக் காட்றேன் பாருங்க'ன்னு. இன்னைக்கு மத்தியானம் பெரியவர்கிட்ட வாக்குமூலம் வாங்கப் போறேன். வாங்கின கையோட லெமாருக்கு விலங்கு."

லெமார் பள்ளிக்கூடப் பஸ்களுக்கு பிரேக் பார்க்கிறவன். சந்தேகம் விழுந்த மறுநாளே வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். பிரேக்கைக் கெடுத்தவன் என்று கோர்ட்டில் ஒரு தடவை பெயர் வந்துவிட்டால், ஜெயிலுக்குத் தப்பினாலும் பிழைப்பு தப்பாது. அவன் மனைவி, அதாவது வாலஸின் மகள் நடீன், கணவனைக் காப்பாற்றச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெர்னாவின் ஆபீஸ் படியேறியபோது ஸ்டாஷ்தான் கதவைத் திறந்தான். பெயரைக் கேட்டதும் யார் என்று புரிந்தது. சொல்லியிருக்கலாம். முதலில் தண்ணீர் கொடுப்போம் என்று தண்ணீர் கொடுத்தான். பிறகு நாற்காலி போட்டான். அப்புறம் ஒரு ஜோக் அடித்தான். நடீன் சிரித்துவிட்டாள். அதோடு சொல்வதற்கான நேரம் கைநழுவிப் போயிற்று. முந்தின நாள் விசாரிக்க அவள் வீட்டுக்குப் போனபோதும் காபியும் ஜோக்குமாகவே முடிந்தது.

வெர்னா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஆள் குள்ளம். பெடலை மிதித்துப் பார்த்தார், சீட்டைத் தடவினார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியின் இடுக்கிலிருந்து ஒரு தீப்பெட்டி அட்டையை உருவினார். நாலாய் மடித்துச் செருகியிருந்தது.

"கண்ணாடி ஆடாம இருக்க அண்டை கொடுத்திருக்கார். கண்ணாடி ஏன் ஆடணும்? ஸ்டாஷ், எஞ்சினைக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணு, பாக்கலாம்."

ஸ்டாஷின் வாய் மூளையைக் கேட்காமல் பேசியது. "ரேடியேட்டர் போச்சு பாஸ். தண்ணி இல்லாம ஓட்டினா எஞ்சின் கருகிடும்."

"அப்படியா?"

"அப்படித்தான்."

ஒரு நிமிஷம் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. அது அவனுக்குத் தெரியும். எஞ்சின் விஷயத்தில் அவன் சொன்னால் வெர்னா மறுபேச்சு பேசமாட்டார். அதுவும் தெரியும்.

அட்டையில் அச்சிட்டிருந்த சாப்பாட்டுக் கடை 'ஒன்பது மைல் சாலை' என்ற தெருவின் முனையில் இருந்தது. சிவப்பு மேஜை, வெங்காய வாசனை, சட்டியில் கொதிக்கும் மிளகாய்க் கறிக் குழம்பு. சாயங்காலமானால் வெளியே கார் நிறுத்துமிடம் முழுக்கப் பழைய கார்கள் வந்து பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும். சொந்தக்காரர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவன் காரைக் குறை சொல்வார்கள். பரிமாறுகிற ட்ரீட்டா அல்பேனியாக்காரி. வாலஸ் பெயரைச் சொன்னதும் காபிக் கூஜாவைக் கீழே வைத்தாள்.

"அய்யோ பாவம், பெரியவர் எப்படி இருக்கார்? அவர் வண்டி வந்தா நான் கோப்பையில முக்கால்தான் ஊத்துவேன்மா. ஜன்னலோரம் நிறுத்துவார். வண்டி நின்ன எடத்துலயே தடக்கு தடக்குன்னு குலுங்கும், இங்க கரண்டியெல்லாம் கூத்தாடும்."

வெர்னா நிமிர்ந்தார். "எப்பவுமே அப்படித்தானா?"

"இல்லல்ல. இப்பக் கொஞ்ச நாளாத்தான். அதுக்கு முன்னாடி பூனை மாதிரி வரும், பூனை மாதிரி போகும். அதுக்குத்தான் அவரை அந்தக் கிண்டல் பண்ணாங்களே."

ஸ்டாஷ் மெனு அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். ஏற்கெனவே மனப்பாடமான மெனு.

"என்ன கிண்டல்?"

"எவனோ ஒருத்தன். நான் உள்ள இருந்தேன், மூஞ்சியைப் பாக்கல, குரல்தான் கேட்டுச்சு. 'பெரியவரே, உள்ள எஞ்சின் இருக்கா, இல்ல வீட்டம்மாவோட தையல் மெஷினைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?' அப்படின்னான். அவ்ளோதான், மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரிச்சுது. அப்புறம் ஒரு வாரம் அவரைப் பாக்கிறவன் எல்லாம் 'எனக்கு ஒரு சட்டை தச்சுக் குடுங்க'ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டான். பெரியவர் மூஞ்சி செத்துப்போச்சும்மா. அவர் சம்சாரம் தவறி ஒரு வருஷம்தான் ஆவுது, அது அவனுக்குத் தெரியாது போல."

வெர்னா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கொஞ்சம் சிரித்துவிட்டார். "தையல் மெஷினா? கேட்டா நீ அடிச்ச ஜோக் மாதிரியே இருக்கு ஸ்டாஷ்."

"என்னோடது இதைவிடத் தரமா இருக்கும் பாஸ்" என்று மெனு முணுமுணுத்தது.

ட்ரீட்டா கோனி டாக் இரண்டு, மிளகாய்க் கறி ஊற்றிய சாசேஜ் ரொட்டி, கொண்டுவந்து வைத்தாள். ஸ்டாஷுக்கு அது என்றால் உயிர். இன்றைக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. சம்சாரம் செத்து ஒரு வருஷம் என்பது அவனுக்கு அப்போது உண்மையிலேயே தெரியாது. தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டானா? அடித்திருப்பான். கூட்டம் சிரிக்கும் என்று தோன்றிவிட்டால் அவன் நாக்கைப் பிடித்து நிறுத்த எந்த பிரேக்கும் கிடையாது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கத்தியதற்கு வேறு ஒரு ஜீவன் அல்லவா பாம்பு வாயில் கிடக்கிறது!

காரில் ஏறியதும் வெர்னா கேட்டார். "சொல்லுடா, மெக்கானிக். அமைதியா இருந்த வண்டி ஏன் திடீர்னு குலுங்கும்?"

பொய் சொன்னால் மாட்டிக்கொள்வான். பாதி உண்மை சொன்னான். "கேம்ஷாஃப்ட்டை மாத்தினா அப்படி ஆகும் பாஸ்."

"எனக்குப் புரியற மாதிரி."

"எஞ்சினோட நெஞ்சுக்குள்ள முண்டு முண்டா ஒரு இரும்புத் தண்டு சுத்தும். வால்வு எப்பத் திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்திருக்கணும், எல்லாம் அது வச்சதுதான் சட்டம். முண்டு சின்னதா இருந்தா வண்டி சமர்த்தா நிக்கும், சமர்த்தா போகும். பெருசாப் போட்டா, ரேஸ்ல பறக்கும். ஆனா சிக்னல்ல நிக்கும்போது மூச்சு வாங்கும். அந்தத் தடதடப்பு இருக்கே, அது இங்க இருக்கிறவங்களுக்குச் சங்கீதம். இந்த ரோட்டுல ஊர்வலம் போறப்ப எவனும் வேகமாப் போறதில்ல. நின்னு நின்னு ஊர்ந்துதான் போறான். அதனால எஞ்சின் பலம் யாருக்கும் தெரியாது, சத்தம்தான் தெரியும்."

"அப்போ எந்தத் தண்டு நல்லதுன்னு எப்படி முடிவு பண்ணுவாங்க?"

"வண்டி எடை, கியர், எல்லாம் பாத்து, மனசு கேக்கிறதைவிட ஒரு அளவு சின்னதா வாங்கணும். அதான் முறை." அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "ஆனா இங்க காதாலதான் வாங்குவாங்க."

அவனும் வாலஸும் அப்படித்தான் வாங்கினார்கள். தையல் மெஷின் ஜோக்கிற்கு அடுத்த வாரம் வாலஸ், ஓய்வு நேரத்தில் ஸ்டாஷ் வண்டி பார்க்கிற கராஜ் வாசலில் வந்து நின்றார். கோபமே இல்லை. "அன்னிக்குச் சிரிச்சவனுங்க வாயை அடைக்கிற மாதிரி ஒண்ணு போட்டுத் தா" என்றார். ஸ்டாஷுக்கு நெஞ்சு கரைந்து போயிற்று. பரிகாரம் பண்ணக் கிடைத்த வாய்ப்பாயிற்றே. இருவரும் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு காராய்க் கேட்டபடி நடந்தார்கள், பாட்டுக் கச்சேரியில் ராகம் பிடிக்கிறவர்கள் மாதிரி. ஒரு காரின் முன்னால் வாலஸ் நின்றார். "இது." அது பந்தயத்துக்கென்றே பண்ணின கார். கையால் கியர் போடுவது, பிரேக்குக்குக் கறுப்பு டப்பாவே கிடையாது. வாலஸின் காரோ தானாகக் கியர் மாறுவது. ஸ்டாஷுக்கு அந்த வித்தியாசம் தெரியும். பெரியவரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். திறக்கக் கூடாத நேரமெல்லாம் திறக்கிற வாய், திறக்க வேண்டிய அந்த ஒரு நேரத்தில் மூடிக்கொண்டது.

"சத்தம், குலுக்கல், அவ்வளவுதானா? வேற ஏதாவது கெடுமா?" என்று கேட்டார் வெர்னா.

"பெட்ரோல் நிறையக் குடிக்கும் பாஸ்."

முண்டு பெருத்தால் நிற்கும்போது எஞ்சினின் உறிஞ்சல் குறைந்துபோகும். ஊர்ந்து ஊர்ந்து, மிதித்து மிதித்துப் போகிற ஊர்வலத்தில் கறுப்பு டப்பாவில் இருக்கிற கொஞ்சநஞ்சப் பலமும் காலியாகும். ஹோஸ் சரியாக இருந்தாலும் பெடல் கல்லாகும். இதை ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். பெட்ரோல் குடிக்கும் என்று சொன்னான்.

"லெமார் தன் கையால ஒரு தண்டு போட்டுக் கொடுத்ததா நடீன் சொன்னாளே, பெரியவர் பிறந்தநாளுக்கு. அமைதியானது. அப்படின்னா அதைக் கழட்டிட்டு வேற எவனோ இதைப் போட்டிருக்கான்." வெர்னாவின் கண் மின்னியது. "அவன் யாருன்னு பிடிச்சா கேஸ் முடிஞ்சுது. பெரியவர் வாயிலயே வரவழைக்கிறேன் பாரு."

ஆஸ்பத்திரி வராந்தாவில், சுவரோரம், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் லெமார். மாமனார் அறைக்குள் அவனுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் தினமும் வந்தான். அவர்களைப் பார்த்து எழுந்து நின்றான். ஸ்டாஷ் தரையைப் பார்த்தபடி கடந்து போனான்.

உள்ளே வாலஸின் நீளமான கால்கள் கட்டிலின் முனையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. நடீன் பக்கத்தில் உட்கார்ந்து சூப் ஆற்றிக்கொண்டிருந்தாள். ஹாலோரன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். வெர்னாவின் பின்னால் ஸ்டாஷ் நுழைந்ததும் வாலஸின் பார்வை அவன் மேல் விழுந்தது, சுட்டது போல் விலகியது.

"ஐயா, உங்க கார்ல புதுசா கேம்ஷாஃப்ட் போட்டது யாரு?" என்று நேரே இறங்கினார் வெர்னா.

"மாப்பிள்ளை போட்டதுதான். வேற எவனும் போடல."

"அப்பா, அது அவர் உங்க பிறந்தநாளுக்குப் போட்டதுப்பா" என்றாள் நடீன். "எடை என்ன, பிரேக் என்னன்னு ஒரு வாரம் உக்காந்து கணக்குப் போட்டு வாங்கினார். அது சத்தமே போடாதே. கடைக்காரம்மா கோப்பையெல்லாம் நடுங்கிச்சுன்னு சொன்னாங்களாம், வெர்னா ஃபோன்ல சொன்னாங்களே?"

"அவளுக்குக் கை நடுங்கியிருக்கும்."

வெர்னா கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். "உங்க உயரம் என்ன ஐயா? ஆறடிக்கு மேல இருக்குமில்ல? நான் அஞ்சடிதான். இன்னைக்குக் காலையில உங்க சீட்டுல உக்காந்தேன். பெடல் எனக்கு எட்டுச்சு. முட்டி உங்களுக்கு ஸ்டியரிங்ல இடிக்குமே, அவ்வளவு முன்னால சீட்டை இழுத்து வச்சிருக்கீங்க."

"இவரை வெளிய எடுத்தவங்க தள்ளியிருப்பாங்க" என்றார் ஹாலோரன்.

"அடிபட்ட ஆளை வெளிய எடுக்கணும்னா சீட்டைப் பின்னாலதான் தள்ளுவாங்க சார்ஜென்ட், முன்னால இழுத்து நசுக்க மாட்டாங்க. காலை மடக்கி வச்சு முழுப் பலத்தோட மிதிக்கணும்னுதான் இவர் சீட்டை இழுத்திருக்கார். அதாவது பெடல் கல்லா இருக்குன்னு அந்தச் சனிக்கிழமைக்கு முன்னாடியே இவருக்குத் தெரியும். அன்னிக்கு யாரும் எதையும் கழட்டல. இல்லையா ஐயா?"

வெர்னாவைப் பார்க்க ஸ்டாஷுக்கே பெருமையாக இருந்தது. தன் கழுத்துக்குச் சுருக்கு போடுகிறவரின் கைவேலையை நினைத்துப் பெருமைப்படுகிற கிறுக்கன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வாலஸ் மகளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"ஆமா. தெரியும். முன்னமே சொன்னேன். ஃபோன் பண்ணிச் சொன்னேன், பெடல் கல்லு மாதிரி இருக்குப்பான்னு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? சிரிச்சான். 'தினம் ரெண்டு சாசேஜ் சேத்துச் சாப்பிடுங்க பெரியவரே, காலுக்குப் பலம் வரும், பிரேக் தானாப் பிடிக்கும்'னான்."

"யாரு?" என்றார் ஹாலோரன்.

"யாரு... லெமார்தான். மாப்பிள்ளைதான் சொன்னான்."

ஹாலோரனின் பேனா சரசரவென்று ஓடியது. "தெரிஞ்சே விட்டிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?"

நடீன் கையிலிருந்த சூப் கோப்பை சரிந்து மடியில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை. வெர்னா தேடித் தேடி எடுத்த துப்பு, யாரைக் காப்பாற்ற வந்தாரோ அவனையே குத்திவிட்டது.

அது அவன் சொன்ன வார்த்தை. எழுத்துக்கு எழுத்து அவனுடையது. அன்றைக்கு கராஜில் ரேடியோவில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. கையில் சாசேஜ் ரொட்டி. ஃபோனில் பெரியவரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. ஒரு முறை போய்ப் பார்த்திருக்கலாம். ஆட்டம் சுவாரஸ்யமான கட்டத்தில் இருந்தது. ஜோக்கைக் கேட்டு வாலஸ் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று இப்போது புரிந்தது. மறுபடி ஒரு தடவை கேலிக்கு ஆளாக அவருக்குத் தெம்பில்லை. அதனால்தான் சீட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் போயிருக்கிறார்.

வெளியே வராந்தாவில் லெமார் உட்கார்ந்திருக்கிறான். இந்த நிமிஷம் வாயைத் திறக்காவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. பெரியவரே ஸ்டாஷைக் காப்பாற்றிவிட்டார்.

"அது லெமார் சொன்னதில்ல" என்றான் ஸ்டாஷ். குரல் கீச்சென்று வந்தது. "நான் சொன்னது."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஃபோன்ல சிரிச்சது நான். தையல் மெஷின்னு சொன்னதும் நான்தான். அந்தத் தண்டைப் போட்டதும் நான். அந்த வண்டிக்கு அது ஆகாதுன்னு தெரிஞ்சே போட்டேன். ஹோஸை யாரும் தொடல சார்ஜென்ட். எஞ்சின்ல உறிஞ்சலே இல்ல, ஹோஸ் இருந்து என்ன பண்ணும்? போய் ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க. ஒரு நிமிஷம் ஓடினா ஒண்ணும் கருகாது. காலையில பொய் சொன்னேன்."

ஹாலோரன் பேனாவை மூடினார். "பெரியவரே, இது நிஜமா?"

வாலஸின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. "அவன் ஆசை ஆசையா வாங்கிக் கொடுத்ததைக் கழட்டி எறிஞ்சேன்னு உங்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா சொல்லுவேன்?" என்றார் மகளிடம்.

"அதுக்காக அவரை ஜெயிலுக்கு அனுப்புவீங்களாப்பா?"

"முதல்ல சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

ஸ்டாஷுக்கு அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நடீன் எழுந்து அவன் எதிரே வந்து நின்றாள். அறைவாள் என்று நினைத்தான். அறைந்திருந்தால் தேவலை.

"நேத்து எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து நான் போட்ட காபியைக் குடிச்சீங்க" என்றாள் மெதுவாக. "அழுது அழுது ஓய்ஞ்சு கிடந்தவளைச் சிரிக்க வச்சீங்க. நீங்க போனதும் அவர்கிட்ட சொன்னேன், நம்ம வீட்டுக்கு நல்ல மனுஷன் ஒருத்தர் வந்துட்டுப் போன மாதிரி இருக்குன்னு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வராந்தாவில் ஹாலோரன் லெமாரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னார். லெமார் முழுசும் கேட்டான். பிறகு ஸ்டாஷிடம் நடந்து வந்தான். கை ஓங்கவில்லை, கத்தவில்லை. ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் கேட்பது போலக் கேட்டான்.

"மாட்டி முடிச்சதும் எஞ்சின் உறிஞ்சல், வேக்குவம், எவ்வளவு இருந்துச்சு?"

"தெரியாது."

"கேஜ் வச்சு அளக்கலையா?"

"அளக்கலை" என்றான் ஸ்டாஷ். "சத்தம் நல்லா இருந்துச்சு. அதோட விட்டுட்டேன்."

லெமார் தலையை ஆட்டினான். தொப்பியை உதறி நீவிவிட்டு மாமனாரின் அறைக் கதவைத் தட்டினான். உள்ளேயிருந்து நடீனின் அழுகைச் சத்தம் ஒரு விநாடி பெரிதாய்க் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது.

வெர்னா சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எல்லாவற்றையும் முன்பே கண்டுபிடித்து வைத்திருப்பார், ஒரு அதட்டல் போடுவார், மன்னிப்பார் என்று எங்கோ ஒரு மூலையில் ஸ்டாஷ் நம்பிக்கொண்டிருந்தான்.

"பாஸ், உங்களுக்கு எப்பவோ தெரியும்தானே?"

"தெரியாதுடா." அவர் குரலில் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. "கண்ணாடி இடுக்குல இருந்த அட்டையைப் பாத்தேன். சீட்டைப் பாத்தேன். கோப்பை நடுங்கினதைக்கூடக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பக்கத்துல டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நீ நடுங்கினதையும் பாத்தேன், பீர்தான்னு விட்டுட்டேனே. எஞ்சின் கருகிடும்னு நீ சொன்னே, நம்பினேன். இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எவனையும் நம்பாதேன்னு ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிட்டு."

"பெரியவர் பொய் சொல்லலைன்னாலும் நான் சொல்லியிருப்பேன் பாஸ்."

"எப்போ?"

விலங்கு மாட்டின பிறகா? கோர்ட்டிலா? லெமார் வேலை போய் வேறு ஊருக்குப் போன பிறகா? எப்போது என்று அவனுக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் இந்த நாளிலேயே அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

"வா தம்பி, ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டுப் போகலாம்" என்று ஹாலோரன் தோளைத் தொட்டார்.

வெர்னா இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரே மத்தியானத்தில் பத்து வயது கூடியிருந்தது. அவரைச் சிரிக்க வைக்க ஒரு வரி போதும். அது ஸ்டாஷின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நல்ல வரி, நிச்சயம் சிரித்துவிடுவார். அவன் அதை விழுங்கிக்கொண்டு சார்ஜென்ட்டின் பின்னால் நடந்தான்.